புடலங்காய் தொங்கிய சந்து

எங்கள் சந்தின் அகலம் ஏழடி. சேலத்தில் கடைவீதிக்குப் பின்னால், இரண்டு பெரிய தெருக்களுக்கு நடுவே, ஒன்பது வீடுகளோடு கிடக்கும் சிமெண்டுச் சந்து. அந்தத் தெருவிலிருந்து இந்தத் தெருவுக்கு சிக்னலைச் சுற்றிப் போனால் பத்து நிமிடம் ஆகும். எங்கள் சந்துக்குள் புகுந்தால் அரை நிமிடம். இந்த விஷயம் ஊரில் பைக் வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. வாசலில் ஒரு காலை வைப்பதற்குள் நாங்கள் இரண்டு பக்கமும் எட்டிப் பார்ப்போம், ரயில்வே கேட்டில் நிற்பவர்களைப் போல.

நான் ஒன்றும் யோக்கியனில்லை. அஸ்தம்பட்டியில் ஒரு கண் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கும் வேலை எனக்கு. அங்கே போகும் வழியில் அடுத்தவர்களின் சந்துகள் மூன்றில் ஸ்கூட்டரில் ஹாரன் அடித்துக்கொண்டே புகுந்து போவேன். அதற்காக ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை.

ஒரு நாள் என் மனைவி மாவு அரைத்து வாங்கிக்கொண்டு வாசல்படி ஏறும்போது ஒரு பைக்கின் கைப்பிடி தூக்குவாளியைத் தட்டிவிட்டது. மாவில் பாதி தரையிலும் மீதி அந்தப் பையனின் பெட்ரோல் டாங்கிலும் பேண்டிலும் விழுந்தது.

"பாத்து வரக் கூடாதாக்கா?" என்றான் அவன்.

"ஊட்டு வாசப்படியில நிக்கிறவ எங்கடா பாத்து வர்றது?" என்றாள் இவள்.

அன்று மாலையே ஒன்பது வீட்டையும் சந்தில் கூட்டிவிட்டாள். கைபேசியில் ஏதோ ஊரின் படம் ஒன்றைக் காட்டினாள். குறுகலான சந்து, இரண்டு பக்கமும் செடிகள், நடுவில் ஆட்கள் சாவகாசமாக நடந்து போகிறார்கள். "நம்ம சந்தும் இப்படி ஆகணும். செடி இருந்தா வண்டி வராது" என்றாள். வீட்டுக்கு ஒரு தொட்டி என்று முடிவானது. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி வைத்தோம். நேராக வர முடியாமல் வளைந்து வளைந்துதான் வர வேண்டும். வெறுத்துப்போய் விட்டுவிடுவார்கள் என்பது எங்கள் கணிப்பு.

அவர்களோ சந்தோஷப்பட்டார்கள். லைசென்ஸ் வாங்க எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும் அல்லவா? அதற்குப் பழகத் தோதான இடம் என்று எங்கள் சந்துக்குப் பெயர் பரவியது. நான்காம் நாள் ஒரு டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் ஓர் அம்மாவை ஸ்கூட்டரோடு கூட்டி வந்து, "செம்பருத்திக்கு லெஃப்ட்ல, துளசிக்கு ரைட்ல, காலை ஊனக் கூடாதுங்க மேடம்" என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா துளசியைச் சாய்த்துவிட்டு எங்களிடம் மன்னிப்புக் கேட்டார். மாஸ்டர் எங்களிடம், "தொட்டிய இன்னும் ஒரு அடி தள்ளி வச்சா நல்லா இருக்கும்" என்றார்.

அப்போதுதான் எதிர்வீட்டு அண்ணன் களத்தில் இறங்கினார். திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். முப்பது வருஷம் ரிக் லாரியோடு வடக்கே போய் ஊர் ஊராக போர்வெல் போட்டவர். இப்போது மகள் வீட்டோடு இருக்கிறார். செய்ய வேலையில்லாததுதான் அவருக்கு இருந்த ஒரே வியாதி.

"தொட்டியெல்லாம் ஆவாதுங்க அம்மிணி. பந்தல் போடோணும். பொடலங்கொடி ஏத்தி உடோணும். மேல பச்சயா இருந்தா நடக்கறவனுக்கு நெழலு. வண்டிக்காரன் தலைய நிமுத்திப் பாப்பான், நின்னுருவான்."

கொடி நட மண் வேண்டும். சந்து முழுக்க சிமெண்டு. எங்கிருந்தோ ஒரு துளைபோடும் மெஷினை வாங்கி வந்தார். சுவரோரம் ஒரு முழ ஆழம் போதும் என்று என் மனைவி சொல்லியிருந்தாள். மனிதர் கை வைத்த பிறகு, மெஷின் நின்றும் அவர் நிற்கவில்லை. கடப்பாரையால் குத்தினார். மண்ணை அள்ளி விரலால் நசுக்கிப் பார்த்து, "செம்மண்ணுங்க. இன்னும் கொஞ்சம் போனா சுக்காம்பாறை வரும்" என்று யாரும் கேட்காமலே தகவல் சொன்னார். இரண்டடி போனதும் குபுக்கென்று தண்ணீர் பீறிட்டு அவர் நெஞ்சு உயரத்துக்கு எழும்பியது.

"தண்ணி! தண்ணி வந்துருச்சுங்க! ரெண்டே அடியிலங்க!"

அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். எத்தனையோ ஊரில் எத்தனையோ நூறு அடி இறக்கியும் தண்ணீர் வராமல் வெறும் மண்புகையைப் பார்த்த மனிதர். இரண்டு கையாலும் ஏந்திக் குடித்துப் பார்த்தார்.

"உப்பே இல்லீங்க! கல்கண்டாட்டம் இருக்குது!"

என் மனைவி மெதுவாகச் சொன்னாள்: "அண்ணா, அது நம்ம குடிதண்ணிக் குழாய்ங்கண்ணா."

அவர் ஈரச் சட்டையின் நுனியைப் பிழிந்துவிட்டார். "அதான பாத்தேன்" என்றார். அதற்குள் ஒன்பது வீட்டுக் குடங்களும் வந்துவிட்டன. பிளம்பர் வந்து சரிசெய்தார். முடிக்கும்வரை அண்ணன் அவருடைய பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அடுத்த குழியை நாலடி தள்ளி, சிமெண்டை மட்டும் பிளம்பர் உடைத்துக் கொடுக்க, களைக்கொத்தால் என் மனைவியே தோண்டினாள்.

புடலை நன்றாக ஏறியது. மூங்கில் பந்தலை அண்ணன்தான் போட்டார். அவர் ஐந்தடி மனிதர். தன் கை எட்டும் உயரத்துக்குப் போட்டார். இரண்டு மாதத்தில் சந்து முழுக்கப் பச்சை. அப்புறம் பிஞ்சு. சுருளாமல் நேராக வளர்வதற்காகப் புடலம்பிஞ்சின் நுனியில் கல் கட்டிவிடுவது வழக்கம். நாங்களும் ஒவ்வொன்றுக்கும் ஒரு கல் கட்டினோம். காய் நீள நீளக் கல்லும் இறங்கியது. இறங்கி இறங்கி, ஹெல்மெட் உயரத்துக்கு வந்து நின்றது.

முதல் பலி நான். சந்துக்காரர்களும் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும் என்று என் மனைவி சட்டம் போட்டிருந்தாள். அது மற்றவர்களுக்கான சட்டம் என்று நினைத்திருந்தேன். வேலை முடிந்து வந்த ஒரு மாலை, டொக். ஒரு நொடி கழித்து அடுத்த காய், டொக். மூன்றாவது டொக்கில் வண்டியைச் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுப்படியிலிருந்து, எட்டிக்கூடப் பார்க்காமல், அவள் குரல் வந்தது: "எறங்கித் தள்ளுங்க!"

ஒரு வாரத்தில் ஊரே இறங்கித் தள்ளியது. நடந்து போகிறவர்கள் காயைக் கையால் விலக்கிவிட்டுப் போனார்கள். வண்டிக்காரர்களால் அது முடியவில்லை. யாரோ புகார் எழுதிப் போட்டுவிட்டார்கள். மாநகராட்சி அதிகாரி ஒருவர், கையில் கோப்போடு, நடந்தே வந்தார்.

"இந்தச் சந்துல யாரோ கல்லால அடிக்கிறீங்களாமே?"

"யாரும் அடிக்கலீங் சார்" என்றார் அண்ணன். "கல்லு அது பாட்டுக்குத் தொங்கிட்டு இருக்குதுங்க. அவிங்கதான் வந்து அடிச்சுட்டுப் போறாங்க."

அதிகாரி பந்தலைப் படம் பிடிக்கக் கைபேசியை உயர்த்திக்கொண்டு இரண்டடி பின்னால் நகர்ந்தார். டொக். ஹெல்மெட் இல்லாத தலை. அவர் பின்மண்டையைத் தடவிக்கொண்டு திரும்பி, கல்லைப் பார்த்தார், காயைப் பார்த்தார். என் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டுச் சொன்னார்: "கொடி இருக்கட்டும். சந்துக்குள்ள வெயிலே தெரியல. ஆனா இன்னைக்கே கல்லை எடுத்துடுங்க."

எடுத்தோம். வண்டிகள் திரும்ப வந்துவிடும் என்று என் மனைவி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் கல் போனதும் புதிய காய்கள் தம் இஷ்டத்துக்குச் சுருள ஆரம்பித்தன. வெள்ளை வரியோடு, வளைந்து, நெளிந்து, பந்தலிலிருந்து தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு. பொழுது சாயும் நேரத்தில் ஒரு கூரியர்காரர் வேகமாக வந்து, நிமிர்ந்து பார்த்து, "பாம்பு!" என்று கத்தி, வண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். வண்டி தன் பாட்டுக்கு உறுமிக்கொண்டு கிடந்தது. அண்ணன்தான் சாவியைத் திருப்பி அணைத்தார்.

மறுநாள் வண்டி ஒன்றும் வரவில்லை. பால்காரம்மாவும் வரவில்லை, கீரைக்காரரும் வரவில்லை. "உங்க சந்துல கூட்டமா பாம்பு அடையுதாமே" என்று மருத்துவமனையில் என்னிடமே ஒருவர் விசாரித்தார். கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அவர். அவரிடம் என்ன விளக்குவது? என் மனைவி ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, சந்தின் இரண்டு முனையிலும் கட்டினாள்: 'தொங்குவது புடலங்காய். நடந்து வருபவர்கள் ஒன்று பறித்துக்கொள்ளலாம்.'

அதிலிருந்துதான் கூட்டம் ஆரம்பித்தது. கடைவீதிக்குத் துணி எடுக்க வருகிறவர்கள், பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறவர்கள், ஒன்றும் வாங்காதவர்கள் எல்லோரும் எங்கள் சந்து வழியாக, நிழலில், மேலே பார்த்துக்கொண்டே நடந்தார்கள். வண்டிக்காரர்கள் சிலரும் வந்தார்கள். தூரத்தில் நிறுத்திவிட்டு, நடந்து வந்து, ஒரு காய் பறித்துக்கொண்டு போனார்கள். மாவு கொட்டிய பையனும் வந்தான். இரண்டு பறித்தான். ஒன்றுதான் என்று என் மனைவி திருப்பி வாங்கிக்கொண்டாள்.

இப்போது எனக்குத்தான் கஷ்டம். முன்பெல்லாம் வீட்டை விட்டுக் கிளம்பினால் அடுத்த நிமிடம் பெரிய தெருவில் இருப்பேன். இப்போது ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு எட்டு வாசல்களைக் கடக்கிறேன். தள்ளுகிறவனைக் கண்டால் யாருக்கும் பேசாமல் இருக்க முடிவதில்லை. ஒருவர் என்ன டிபன் என்கிறார். அடுத்தவர் கண்ணில் பூளை வருகிறது, பாருங்கள் என்று இமையை விரித்துக் காட்டுகிறார். நான் டாக்டர் இல்லை, டோக்கன் கொடுப்பவன் என்று சொன்னால், "அப்ப ஒரு டோக்கன் எடுத்து வைங்க, மத்தியானம் வாரேன்" என்கிறார். தினமும் கால் மணி நேரம் தாமதம். மேலாளர் காரணம் கேட்டபோது, வழியில் புடலங்காய் என்று உண்மையைச் சொன்னேன். அவர் பதிவேட்டில் தாமதம் என்று குறித்துக்கொண்டார். பிறகு, பிஞ்சாக இருந்தால் நாளைக்கு இரண்டு கொண்டுவரச் சொன்னார்.

ஒன்றுதான் என்று சொல்லிவிட்டேன்.