பிளாஸ்டிக் உடம்புக்கு எர்த்

என் பழைய காரை மோர்னிங்சைட் சந்தியில் ஒரு ட்ரக் பின்னால் வந்து இடித்தது. பின்பக்கம் நொறுங்கினாலும் எஞ்சினும் வயர்களும் சென்சர்களும் தப்பிவிட்டன. அவற்றைக் கழற்றி, கிட் கார் ஒன்றுக்குப் பூட்டத் தொடங்கினேன். அடிச்சட்டமும் ஃபைபர்கிளாஸ் உடம்பும் பெட்டியில் வரும், மிச்சத்தை நாமே பூட்டவேண்டும். தொழிற்சாலையில் வயர் பூட்டுவதுதான் என் வேலை. ஆனாலும் மல்வேர்னில் எங்கள் கராஜுக்கு வருகிற ஆம்பிளைகள் எல்லோரும் கேள்வியை என் கணவரிடம்தான் கேட்பார்கள். அந்த மனிசனுக்கு ஒரு ஃபியூஸ் மாற்றத் தெரியாது.

தகரக் காரில் உடம்பே எர்த். கறுப்பு வயரை அதில் எங்கே முறுக்கினாலும் கரண்ட் பற்றரிக்குத் திரும்பிவிடும். ஃபைபர்கிளாஸில் அது நடக்காது. அதனால் ஒவ்வொரு கறுப்பு வயரையும் நீட்டி, பற்றரி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தேன். குளிர்காலம் முழுக்க அதிலேயே போனது. விரல் நுனியெல்லாம் வெடித்துப்போயிற்று.

முதன்முதலாக ஸ்ராட் பண்ணுகிற அன்று சொந்தக்காரர்களைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தோம். எல்லோரும் கராஜில் கூடி நிற்க, திறப்பைத் திருப்பினேன். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. திரும்பவும் திருப்பினேன். அதே கதைதான்.

"பொம்பிளையள் வயர் வேலை செய்தா உப்பிடித்தான்," என்றார் கணவரின் தமையன். எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார்.

குனிந்து பார்த்தேன். எஞ்சினுக்குப் போகிற தடித்த வயரைத் தவிர, என் கறுப்பு வயர்கள் எல்லாம் கட்டையாக வெட்டப்பட்டு, ஃபைபர்கிளாஸ் உடம்பில் வரிசையாக முறுக்கப்பட்டிருந்தன.

"ஆர் இதை வெட்டினது?"

"நான்தான் பிள்ளை, நீர் சமைச்சுக்கொண்டு நிக்கேக்க. உவ்வளவு வயர் என்னத்துக்கு? பார்க்க வடிவில்லை. காரின்ர உடம்புதானே எர்த்," என்றார் அதே தமையன்.

குரங்கின் கையில் பூமாலை என்று சும்மாவா சொன்னார்கள்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அத்தான், உது பிளாஸ்டிக். பிளாஸ்டிக் வாளியில கரண்ட் ஓடுமோ? இனிமேல் என்ர காரில கை வைக்காதேங்கோ."

கணவர் என் பக்கம் திரும்பினார்.

"நீர் ஏன் கத்துறீர்? அண்ணை நல்லதுக்குத்தானே செய்தவர்."

"நல்லதெண்டா என்னட்டக் கேட்டிட்டெல்லோ செய்யவேணும்?"

அத்தான் சாப்பிடாமல் ஜாக்கெற்றை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டார். வந்த சனம் முழுக்கச் சோற்றைப் பிசைந்தபடி என்னையே முறைத்தது. வெட்டுப்பட்ட ஒவ்வொரு வயரையும் நான் தனியாக இருந்து மறுபடி ஒட்டினேன். எஞ்சின் பிடித்தபோது பக்கத்தில் ஒருவரும் இல்லை. என்ன அருமையான சத்தம் அது!

அத்தான் இன்னும் எங்கள் வாசல் மிதிக்கவில்லை. போய் மன்னிப்புக் கேள் என்று கணவர் நாளாந்தம் அரிக்கிறார். நான் கேட்கமாட்டேன். வயரை வெட்டியது அத்தான். சொந்தத்தை வெட்டியது மட்டும் நானாம்.