பிளக்-இன் விழுங்கிய அட்சதை

ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஆன்ட்டி என் கடைக்குள் வந்து நின்ற அந்தச் சாயங்காலம் அப்படியே கண்ணுக்குள் இருக்கிறது. சுங்கை காடுட் பேக்டரியில் ஷிஃப்ட் முடித்த கையோடு மோட்டாரை நேராகச் செனாவாங்குக்கு விட்டிருந்தார். நான் கல்யாண வீடியோ எடுத்து, வெட்டி ஒட்டிக் கொடுத்துப் பிழைப்பவள். அவர் மகளுக்குப் பெடாஸ் பக்கத்தில் ஒரு தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் கல்யாணம் நடந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வீடியோ ஏன் இன்னும் வரவில்லை என்று சண்டைபோட வந்திருக்கிறார் என நினைத்து நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பொறுமை என்பது எனக்குப் பிறவியிலேயே கிடையாது. ஆனால் அவர் கேட்டது வேறு.

“மண்டபத்துல கடேசித் தூண் பக்கம் என் மவன் நின்னானா மா? உன் கேமராவுல பாத்துச் சொல்லு லா. எனக்கு அது ஒண்ணு போதும்.”

அந்த வீட்டுக் கதை எனக்கு அரைகுறையாகத் தெரியும். இந்த மாப்பிள்ளை வேண்டாம் என்று அண்ணன்காரன் ஒற்றைக்காலில் நின்றிருக்கிறான். அப்பாவோடு வாய்ச்சண்டை முற்றி, பையைத் தூக்கிக்கொண்டு தெற்கே ஜொகூருக்கு வேலைக்குப் போய்விட்டான். “தங்கச்சி கல்யாணத்துக்கு வராதவன் எனக்குப் புள்ளையே இல்ல, அவன் பேர இந்த வீட்டுல எடுக்கக்கூடாது” என்று அங்கிள் சொல்லிவிட்டார். கல்யாணத்தன்று தங்கை கையில் பொரி போட வேண்டிய அண்ணன் இடத்தில் சித்தப்பா மகன் நின்றான். மணப்பெண் ஒரு முறைக்கு இரண்டு முறை வாசலைப் பார்த்ததை என் லென்ஸ் வழியாக நானே பார்த்தேன்.

தாலி கட்டும் நேரத்தில் பின்னால் ஓர் உருவம் நின்றதாக ஆன்ட்டிக்குச் சந்தேகம். முந்தைய நாள் மழையில் பின்பக்க விளக்குகள் போய்விட்டிருந்தன. மணவறைமேல் மட்டும் என் லைட் கொட்டிக்கொண்டிருந்ததால் மேடையில் இருந்தவர்களுக்கு எதிரே ஒன்றும் தெரியாது. நல்லவேளையாக இரண்டாவது கேமராவைக் கூட்டத்தைப் பார்த்து ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தேன். ஆனால் இருட்டுக்காக அதன் கெயினை, வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அளவை, ஏற்றி வைத்திருந்ததால், கறுப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகப் புள்ளிகள் எறும்பு மாதிரி ஊர்ந்தன. எங்கள் தொழிலில் இதைக் கலர் நாய்ஸ் என்போம். தூண் பக்கம் யாரோ நிற்பது தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எறும்புக் கூட்டம்தான்.

இதைத் துடைக்கத்தான் எடிட்டிங் சாஃப்ட்வேரில் சேர்த்துக்கொள்ளும் பிளக்-இன் இருக்கிறது. ஒரு பிரேமை முன்னும் பின்னும் உள்ள பிரேம்களோடு ஒப்பிட்டு, அசையாமல் இருப்பதை வைத்துக்கொண்டு, தோன்றித் தோன்றி மறைவதை அழித்துவிடும். இன்றைக்கு வருபவை கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொள்கின்றன. அன்று என்னிடம் இருந்தது சுத்த முரடு. பார்த்துச் சொல்கிறேன் என்று ஆன்ட்டியை வீட்டுக்கு அனுப்பி, பிளக்-இன்னில் எல்லாவற்றையும் உச்சத்துக்கு ஏற்றிவிட்டு, கம்ப்யூட்டர் நகர்ந்து நகர்ந்து முடிக்கும்வரை உட்கார முடியாமல் கீழே இறங்கித் தே தண்ணி வாங்கி, குடிக்காமல் ஆறவிட்டு, மறுபடி மேலே ஏறினேன். யார் வீட்டுப் பிள்ளையோ, எனக்கு ஏன் இந்தத் தவிப்பு என்று என்மேலேயே எரிச்சல் வந்தது. முடிந்ததும் ஓட்டினேன். எறும்பெல்லாம் போயே போய்விட்டது. தூணில் சாய்ந்தபடி அவன் நின்றான். ஆன்ட்டியின் அதே மூக்கு, அதே தாடை.

உடனே போன் போட்டேன். ஆன்ட்டி அங்கிளையும் இழுத்துக்கொண்டு வந்தார். அங்கிள் உள்ளே வராமல் கதவருகிலேயே கையைக் கட்டிக்கொண்டார். மகன் முகம் திரையில் வந்ததும் ஆன்ட்டி, “ஐயோ, என் சாமி, வந்துட்டியாடா!” என்று கத்தியே விட்டார். எனக்கும் கண் கலங்கியது. அப்போதுதான் கதவருகிலிருந்து குரல் வந்தது.

“வந்து என்னா? அட்சதை போட்டானா, பாரு. தங்கச்சி கழுத்துல தாலி ஏறுது, மரமாட்டம் நிக்கிறான். வேடிக்க பாக்க வந்திருக்கான் உன் மவன்.”

மறுபடி ஓட்டினேன். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. கை இருக்கும் இடத்தில் மங்கலாக ஓர் இழுவல், அவ்வளவுதான். அரிசி இல்லை. ஆன்ட்டியின் முகம் விழுந்துவிட்டது. “வாழ்த்த மனசு இல்லாமயா அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்தான்?” என்று என்னைக் கேட்டார். அவன் வரவில்லை என்று இருந்ததே தேவலாம்போல ஆகிவிட்டது. இந்த வேலைக்கு ஏன்தான் வந்தோமோ என்று நொந்துகொண்டு, திரையை அணைக்கக்கூடத் தோன்றாமல் அதையே திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் உறைத்தது. அவனை விடுங்கள், மண்டபத்தில் யாருமே அட்சதை போடவில்லை! கெட்டிமேளத்துக்கு ஊரே கையை உதறுகிறது, காற்றில் ஒரு மணி அரிசி கிடையாது. மஞ்சள் பொட்டுப் பொட்டாகப் பறந்து மறைவதை இந்த முரடு வேறு எப்படி எடுத்துக்கொள்ளும்? நாய்ஸ் என்று நினைத்து மொத்த அட்சதையையும் விழுங்கியிருக்கிறது.

“இருங்க அங்கிள், போயிடாதீங்க!” என்று கத்திக்கொண்டே பிளக்-இன்னைத் தூக்கிவிட்டுப் பழைய படத்தையே பெரிதாக்கி, பிரேம் பிரேமாக நகர்த்தினேன். நாய்ஸுக்குப் போக்கிடம் கிடையாது, ஒரு பிரேமில் இங்கே இருந்தால் அடுத்ததில் எங்கேயோ. அரிசி அப்படி இல்லை. கிளம்பும், மேலே ஏறும், வளையும், இறங்கும். தூணுக்குப் பக்கத்து எறும்புக் கூட்டத்திலிருந்து ஒரு கை மஞ்சள் கிளம்பியது. அவ்வளவு தூரத்திலிருந்து மணவறைக்கு எட்டாது என்று தெரிந்தே வீசியிருக்கிறான். முன்வரிசை நாற்காலிகளைக்கூடத் தொடவில்லை. நான் விரலால் திரையில் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். ஆன்ட்டி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்.

எப்போது அங்கிள் கதவை விட்டு உள்ளே வந்தார் என்று தெரியவில்லை. என் நாற்காலிக்குப் பின்னால் மூச்சு கேட்டது. “இன்னொருக்கா போடு மா,” என்றார். போட்டேன். இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு ஆன்ட்டியிடம் திரும்பாமலேயே, “அவன் நம்பரு வச்சிருக்கியா?” என்றார். ஆன்ட்டி நம்பரைத் தேடி எடுத்துப் போனை மேசைமேல் வைத்தார். அங்கிளே எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டு அழைத்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. “அம்மா?” என்று அவன் குரல் வந்ததும் அங்கிள் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“அப்பா பேசுறேன்டா. அன்னிக்கு மண்டபத்துல சாப்ட்டுட்டுப் போனியா, இல்லியா?”

அந்தப் பக்கம் லாரி போகும் சத்தம் மட்டும் கேட்டது. அது போய் முடிந்தபிறகு, “இல்லப்பா,” என்றான்.