குரூப்பை விட்டுப் போன நாத்தனார்

என் வீட்டு மாடியில் குடியிருக்கும் ஜெர்மன்கார அம்மா ஃப்ராவ் கெல்லருக்குப் பேரன் பிறந்த செய்தி மூன்று மாதம் கழித்து எனக்குத் தபாலில் வந்தது. என் தலைக்கு மேலேயே நடமாடுகிறவர். காலையில் எந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போகிறார் என்பதுவரை சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். ஆனால் நல்ல செய்திக்கு மட்டும் ஓர் உறை, ஓர் அஞ்சல்தலை, அச்சடித்த அட்டை, அதில் குழந்தையின் எடை வேறு. படியேறிப் போய் வாழ்த்தினேன். "இத்தனை நாளாக ஒரு வார்த்தை சொல்லவில்லையே" என்றும் கேட்டேன். என் அரைகுறை ஜெர்மனில் அது சண்டைக்கு வந்தது மாதிரி இருந்திருக்க வேண்டும். மனுஷி பதறிப்போய், அட்டை அச்சாகத் தாமதமாகிவிட்டது என்று மன்னிப்புக் கேட்டார். அட்டையை யார் கேட்டது? மாடிப்படியில் பார்க்கும்போது சொல்லியிருக்கலாமே என்றுதான் கேட்டேன். அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவர் கொடுத்த கேக்கைத் தின்றுவிட்டு இறங்கி வந்தேன்.

நான் நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி வந்து ஆறு வருடம் ஆகிறது. சொந்த ஊர் திருமயத்துக்குப் பக்கம். நார்த்தாமலைப் பெரியம்மாவின் மகளுக்குப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தபோது, அதைத் துடைத்து முடிப்பதற்குள் போட்டோ எங்கள் குடும்ப வாட்ஸப் குரூப்பில் வந்துவிட்டது. மூக்கு யார் சாயல் என்ற சண்டை, பெற்றவள் கண் விழிப்பதற்குள் தொடங்கி முடிந்தும் போயிற்று. திருமயத்தில் தூறல் விழுந்தால் எனக்கு முதலில் தெரியும். என் ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டுவது அப்புறம்தான் தெரியும். ஃப்ராவ் கெல்லரின் அட்டையை ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்துவிட்டு, இதில் எது வினோதம், அவர்களா நாங்களா என்று பல நாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.

யோசனை முற்றிப்போய் ஒரு சோதனையில் இறங்கினேன். ஒரு விடுமுறை நாளில், போனைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு தாளில் கோடு போட்டேன். மதியத்துக்குள் தாளின் ஒரு பக்கம் நிறைந்துவிட்டது. அடக் கடவுளே, அப்படி எதைத்தான் தேடுகிறேன் என்று பார்த்தால் ஒன்றுமில்லை. முதல் நாள் ஆப்பிள் மரம் பூத்திருப்பதை ஸ்டேட்டஸில் போட்டிருந்தேன். அதை யார் பார்த்தார்கள், யார் பார்த்துவிட்டும் வாயைத் திறக்கவில்லை என்று பார்த்திருக்கிறேன். மரத்தை நான் இரண்டாவது தடவை பார்க்கவேயில்லை. எல்லாவற்றையும் விட்டால் என்ன ஆகும் என்று எனக்கு ஆசையாகவே இருந்தது. என் வீட்டுக்காரருக்குத்தான் கலக்கம். போனில் எந்த ஆப்பிலும் கணக்கு வைத்துக்கொள்ளாத உத்தமர் அவர். "நீ விட்டுட்டா ஊர்ச் சேதியெல்லாம் எனக்கு யாரு சொல்றது?" என்றார்.

ஃப்ராவ் கெல்லரிடமும் கேட்டுப் பார்த்தேன். குடும்பக் குரூப்பில் எத்தனை பேர் என்றார். நூற்று நாற்பத்து மூன்று என்றேன். "அது குடும்பமில்லை, ஃபெராயின்" என்றார். சங்கம் என்று அர்த்தம். இந்த நாட்டில் பாட்டுப் பாட ஒரு சங்கம், முயல் வளர்க்க ஒரு சங்கம். விலக வேண்டுமானால் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுக்க வேண்டும். "உங்களுடையதில் எத்தனை மாத அவகாசம்?" என்று நிஜமாகவே கேட்டார். அதெல்லாம் கிடையாது, ஒரு தட்டுத் தட்டினால் போதும் என்றேன். "எவ்வளவு வசதி!" என்று ஆச்சரியப்பட்டார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

போட்டோ போடும் கணக்குகளைச் சனிக்கிழமை மூடினேன். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் காபி இடைவேளையில் குரூப்பை விட்டு வெளியே வந்தேன். படிக்காத செய்திகள் முந்நூறுக்கு மேல் கிடந்தன. திறந்தால் மனசு மாறிவிடும் என்று திறக்காமலே வந்துவிட்டேன். விலகினால் அட்மினுக்கு மட்டும்தான் தெரியும் என்று கேள்விப்பட்டிருந்தேன். உண்மைதான். ஆனால் எங்கள் குரூப்பில் பதினோரு அட்மின். ஒரு பங்காளி வீட்டுக்குக் கொடுத்து இன்னொரு வீட்டுக்குக் கொடுக்காவிட்டால் வருத்தம் வரும் என்று, குரூப்பை ஆரம்பித்த சித்தப்பா வீட்டுக்கு ஒரு அட்மின் வைத்திருந்தார்.

அரை மணி நேரத்தில் தம்பி செந்தில் கூப்பிட்டான். அவனுக்கு ஆறு வாரத்தில் கல்யாணம். பெண் நித்யா, கொடும்பாளூர்ப் பக்கம். நிச்சயம் முடிந்திருந்தது.

"அக்கா, ஒனக்கு நித்யாவப் புடிக்கலையா?"

"என்னடா பேசுற?"

"இன்னைக்குத்தான் சித்தப்பா அவள குரூப்ல சேத்தாரு. அவ எல்லாருக்கும் வணக்கம் போட்டுருக்கா. அடுத்த நிமிஷம் நீ வெளியேறிட்ட. அங்கிட்டு அவ அழுதுக்கிட்டு இருக்கா."

எங்கள் பக்கம் ஒருத்தர் வந்து உட்கார்ந்ததும் இன்னொருத்தர் எழுந்து போனால், அதற்கு ஒரே அர்த்தம்தான். பந்தியில் அப்படி எழுந்து போனதற்காக வருடக்கணக்காகப் பேசாமல் இருக்கும் இரண்டு வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. அதுவும் எழுந்து போனது யார்? நாத்தனார். மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சைப் போட, மற்ற இரண்டையும் போட வேண்டியவள். பெண் வீட்டில் அதற்குள் கூடிப் பேச ஆரம்பித்துவிட்டார்களாம். முடிச்சுப் போடுகிறவளுக்கே இஷ்டமில்லையா என்று கேட்டிருக்கிறார்கள்.

அம்மா போனை வாங்கினாள். "சித்தப்பா திரும்பச் சேத்து விடுறேங்கிறாரு. உள்ள வந்து ஒரு பூவப் போடுடி. கொறஞ்சா போயிருவ?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் என்ன தப்புச் செய்தேன்? "பூ போட மாட்டேன். அவ நம்பரக் குடு" என்றேன்.

நம்பரை அழுத்தும்போதுதான் ஒன்று உறைத்தது. நித்யாவின் போட்டோக்களில் நாற்பதுக்காவது நான் இதயம் போட்டிருப்பேன். அவளுடைய கல்லூரி ஆண்டு விழாச் சேலை தெரியும், வீட்டு நாயின் பெயர் தெரியும். அவள் குரல் மட்டும் தெரியாது. மூன்று மாதம் அட்டைக்காகக் காத்திருந்த ஃப்ராவ் கெல்லரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று குறைபட்டவள் நான்.

"நித்யா, நான் செந்திலோட அக்கா பேசுறேம்மா."

"சொல்லுங்க அண்ணி."

நான் கோடு போட்ட தாளில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். "நீ வந்ததையே நான் பாக்கலம்மா. சத்தியமா. ஒன்னையப் புடிக்காம ஏன் போறேன்? தப்பு எம்மேல. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கணும்."

அவள் மெதுவாகச் சொன்னாள். "என்னையும் கேக்காமத்தான் சேத்தாங்க அண்ணி. இத்தன பேரு. யாரு யாருன்னே தெரியல. தப்பா எதும் போட்டுருவேனோன்னு பயமா இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. பிறகு அவள் ஒவ்வொரு பெயராக வாசிக்க, வெளியே நின்ற நான் ஆளை அடையாளம் சொன்னேன்.

"ரோஜாப்பூ வச்சு டெய்லி குட்மார்னிங் போடுறது?"

"அது சித்தப்பா. பதில் போடலைன்னா போன் பண்ணிக் கேப்பாரு."

"கண்ணாடி போட்டுக்கிட்டு பைக் மேல ஒக்காந்திருக்கிறது?"

"நார்த்தாமலைப் பெரியம்மா மகன். பைக்கு அவனோடது இல்ல."

அன்று மாலை வேலை முடிந்து மறுபடி கூப்பிட்டு மிச்சத்தையும் முடித்தோம். போனை வைக்கும் முன், "அண்ணி, முடிச்சு நீங்கதான போடுவீங்க?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காகத்தான் அவள் அவ்வளவு நேரம் பேசியிருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. "வேற யாரு போடுவா? லீவு வாங்கிட்டேன், வாரேன்" என்றேன்.

வைகாசியில் போனேன். மண்டபத்து வாசலிலேயே சித்தப்பா, "வாம்மா, எங்களையெல்லாம் தலமுழுகிட்டுப் போனவளே!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி வரவேற்றார். போகிற வருகிறவர்களெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பாதிப் பேர் கேலி செய்தார்கள், பாதிப் பேருக்கு உண்மையிலேயே வருத்தம். மேளம் கொட்டியது. செந்தில் முதல் முடிச்சைப் போட்டுவிட்டுக் கையை எடுக்க, நான் நித்யாவின் பின்னால் குனிந்து மற்ற இரண்டையும் போட்டேன். மல்லிகைச் சரத்தை ஒதுக்கி மஞ்சள் கயிற்றைத் தேட வேண்டியிருந்தது. முடிச்சுப் போடுகிறவளுக்குப் பெண்ணின் பிடரிதான் தெரியும், முகம் தெரியாது.

திரும்பி வந்து நான்கு மாதமாகிறது. இன்னும் குரூப்பில் சேரவில்லை. சுகமாகத்தான் இருக்கிறது என்று ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். என்னோடு திருமயத்தில் படித்தவளின் அப்பா இறந்தது எனக்குக் கருமாதி முடிந்த பிறகுதான் தெரிந்தது. அவ்வளவு பிந்தித் துக்கம் கேட்கக் கூச்சமாக இருந்தது. அன்று ஒரு மணி நேரம் போனைப் பிடித்துக்கொண்டு, சேர்ந்துவிடலாமா என்று உட்கார்ந்திருந்தேன். பிறகு அவளைக் கூப்பிட்டேன். அவள் அழுதாள், நானும் அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் நித்யா கூப்பிடுகிறாள். எந்த வீட்டில் என்ன என்று அவள்தான் எனக்குச் சொல்கிறாள். எங்கள் வீட்டுக்காரரும் காதை நீட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். போன வாரம் பேச்சுவாக்கில், "குரூப்புக்கு இப்ப எங்க தாலி கட்டுற போட்டோதான் வச்சிருக்கு அண்ணி, சித்தப்பா மாத்துனாரு" என்றாள். எனக்கு அனுப்பியும் வைத்தாள். அவள் முகம் அந்த நேரத்தில் எப்படி இருந்தது என்று முதன்முதலாகப் பார்த்தேன். கண் கலங்கி, உதட்டில் சிரிப்போடு இருந்தாள். பக்கத்தில் செந்தில். குரூப் படத்தின் சின்ன வட்டத்துக்குள் அடங்குவதற்காகச் சித்தப்பா என் தலையையும் தோளையும் வெட்டிவிட்டிருந்தார். நித்யாவின் கழுத்துக்குப் பின்னால், கயிற்றைப் பிடித்தபடி இரண்டு கைகள் மட்டும் தெரிகின்றன. நான் குரூப்பில் இல்லை. என் கைகள் இருக்கின்றன.