கிள்ளினால் துளிர்க்கும் என்று சொன்னேன்

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குக் கீழே, மலைத்தண்ணீர் விழும் பீலி ஒன்று இருந்தது. இப்போது வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்களெல்லாம் அங்கே துணி துவைத்தபடி அடித்த அரட்டை, ஊருக்குப் போகும்போதெல்லாம் நினைவுக்கு வருகிறது. நான் பெருமையோடு தவறு செய்த இடமும் அதுதான்.

நான் பல்கலைக்கழகத்தில் ஆராய்வது வாய்ப் புற்றுநோய்க் கலங்களை, அதாவது செல்களை. ஒரு கலம் எப்போது பெருக வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதைச் சுற்றிலுமிருந்து வரும் சமிக்ஞைகள் சொல்கின்றன. வராத சமிக்ஞையை வந்ததாக எடுத்துக்கொண்டு பெருகும் கலம்தான் என் வேலை. அப்பாவும் அம்மாவும் கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் வைத்தவர்கள். அவர்களுடைய மகள் இந்த வேலை செய்கிறாள் என்று சொல்ல எனக்கு வெட்கமே கிடையாது.

ஒரு தீபாவளி லீவில் பீலியடியில் பெண்கள் கேட்டார்கள்.

"அங்க என்னதான் பாப்பா பண்ற?"

"கொழுந்து கிள்ளினா என்ன ஆகும்?" என்று நான் திருப்பிக் கேட்டேன்.

"பக்கத்துல துளிர்க்கும்."

"ஒடம்புலயும் அப்படித்தான். காயம் பட்டா பக்கத்துல இருக்கிறதுக்குச் சேதி போகும், அது வளந்து மூடும். கேன்சர்ல யாரும் கிள்ளாமலே துளிர்த்துக்கிட்டே இருக்கும்."

"அதட்டுறதுக்கு ஒரு கங்காணி இல்லையா?" என்றார் அடுத்த வீட்டு அக்கா. லயத்திலேயே வாய் நீளம் அவருக்குத்தான். பீலியடியே சிரித்தது. என் பேராசிரியர்கூட இவ்வளவு தெளிவாகச் சொல்லமாட்டார் என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டேன்.

பொங்கலுக்கு மறுபடி போனேன். அம்மா கொட்டாவி விட்டபோது கன்னத்தின் உள்ளே வெள்ளையாக ஒரு திட்டுத் தெரிந்தது. வெற்றிலையும் புகையிலையும் அடக்கி வைக்கும் அதே பக்கம். ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. புற்றுநோயாக மாறக்கூடியது என்று பாடப்புத்தகப் படங்களில் நூறு தடவை பார்த்த திட்டு.

"நாளைக்கே பதுளை ஆஸ்பத்திரிக்குப் போவோம்மா. சின்னதா ஒரு துண்டு எடுத்துப் பாப்பாங்க."

"வெட்டவா? நான் வரல."

"ஏம்மா?"

"கிள்ளினா துளிர்க்கும்னு நீதானே சொன்ன?"

அடுத்த வீட்டு அக்கா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "ஆமா பாப்பா. எனக்கும் நாக்குல ஒரு புண்ணு. தோட்டத்து டிஸ்பென்சரியில பதுளைக்குப் போய் வெட்டிப் பாக்கச் சொன்னாங்க. படிச்ச புள்ள சொன்னதுக்கு மேலயா அவங்க? நான் போகல."

கத்தி பட்டால் பரவும் என்ற பயம் லயத்தில் எப்போதும் இருந்ததுதான். அதற்குப் படித்தவளின் அத்தாட்சி கொடுத்தவள் நான். அன்றிரவு எவ்வளவு விளக்கியும் அம்மா அசையவில்லை.

காலையில் பீலியடிக்குப் போய் எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

"அன்னிக்கு நான் சொன்னது தப்பு."

"தப்பா? கெம்பஸ்ல தப்பாவா சொல்லிக்குடுத்தாங்க?" என்றார் அக்கா.

"அவங்க இல்ல. கேக்க நல்லா இருக்கணும்னு நானா சொன்னது. துண்டு எடுத்துப் பாத்தா கேன்சர் வராது, பரவாது. பாக்காம விட்டாத்தான் பரவும்."

அம்மா துணியைப் பிழிந்தபடி, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்: "வேர்ல நோய் விழுந்த செடியில கொழுந்தா கிள்ளிக்கிட்டு நிக்கிறோம்? தோண்டி வேரைப் பாப்பாங்க. நோயின்னா, பக்கத்துச் செடிக்குப் போறதுக்குள்ள பிடுங்கிருவாங்க."

பிறகு அக்காவைப் பார்த்தார். "நீயும் கெளம்பு. ஒத்தையில வாயத் தொறந்து காட்ட எனக்கு வெட்கமா இருக்கு."

மறுநாள் மூவரும் பஸ் ஏறினோம்.

அம்மாவுக்கு அது இன்னும் புற்றுநோயாகியிருக்கவில்லை. என்னைத் திட்டித் திட்டியே வெற்றிலையை விட்டார். அக்காவுக்குப் புற்றுநோய்தான். நாக்கில் ஒரு பகுதியை எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

தீபாவளியிலிருந்து பொங்கல்வரை போன நாட்கள் அந்த நாக்கில் எவ்வளவைத் தின்றன என்று எனக்குத் தெரியாது. எந்தக் கருவியும் அதை இனிச் சொல்லாது. ஒருமுறை அக்காவிடமே மன்னிப்புக் கேட்டேன். "போடி, நீ வராட்டி நான் போயே இருக்க மாட்டேன்," என்றார். சொற்கள் குழறியதால் திரும்பவும் சொல்ல வேண்டியிருந்தது. சலிக்காமல் சொன்னார்.