முட்டையைத் தாண்டாத டிராகன்

பழைய வீடியோ கேம் கேசட் தேடி வாங்குகிற பைத்தியங்கள் எங்கள் பக்கம் அதிகம் இல்லை. இருக்கிற நாலைந்து பேரும் காசு கொடுப்பதற்கு முன்னால் எனக்குத்தான் போட்டோ அனுப்புவார்கள். நானும் போனை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, டாக்டர் எக்ஸ்ரே பார்க்கிற மாதிரி கண்ணைச் சுருக்கி, "லேபிள் ரொம்ப மினுக்குது, வேண்டாம்" என்றோ, "பல்லுக்கு மேல எழுத்து இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க" என்றோ பதில் போடுவேன். போனைத் தூக்கிப் பிடிப்பதால் கூடுதலாக ஒன்றும் தெரியாது என்பது எனக்கும் தெரியும். நிபுணர் என்றால் ஒரு தோரணை வேண்டாமா? இந்த நிபுணர் முதன்முதலில் வாங்கிய கேசட் எது, அதை எப்படித் தேர்ந்தெடுத்தார் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் போட்டோ அனுப்ப மாட்டார்கள்.

அப்போது நான் ஆறாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்தேன். காரிமங்கலத்தை ஒட்டிய எங்கள் ஊரில் கையடக்க வீடியோ கேம் வைத்திருந்த ஒரே பெரிய மனிதன் நான். பெங்களூரில் இருந்த அத்தை மகன் பத்தாம் வகுப்புக்குப் போனபோது அவனுக்கு அது கசந்துவிட, கையோடு கை மாறி என்னிடம் வந்தது. கூடவே ஒரே ஒரு கேசட். கார் பந்தயம். எந்த வளைவில் எந்த மரம் நிற்கிறது என்பது வரைக்கும் எனக்கு மனப்பாடம். எனக்கு வேண்டியிருந்ததோ இன்னொரு கேசட். அதில் ஒரு பையனுக்கு ஒரு டிராகன் முட்டை கிடைக்கும். அதைப் பொரிக்க வைத்து, குட்டியை வளர்த்து, ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். கடைசியில் அதன் முதுகில் ஏறிப் பறக்கலாம் என்று மச்சான் போனில் சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தக் கேசட்டுக்கு வழி காட்டியவர் என் சித்தப்பா. அவர் ஆட்டு வியாபாரி. வாரா வாரம் காரிமங்கலம் சந்தையில் ஆடு பிடித்து வெளியூருக்கு அனுப்புவார். பல்லைப் பார்த்து வயதைச் சொல்வார், முதுகைத் தடவி எடையைச் சொல்வார், இதெல்லாம் பலிக்கும். ஆனாலும் உப்புத் தண்ணீர் குடித்து வயிறு உப்பிய ஆட்டைக் கொழுத்த ஆடு என்று வாங்கி வந்து, மறுநாள் அது துணிப்பை மாதிரி சுருங்கி நிற்க, எங்கள் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதும் உண்டு. சில வாரம் வெறுங்கையோடு வருவார். காரணம் கேட்டால், விற்கிறவள் கயிற்றை விடவில்லை என்பார். விலை பேசி முடித்த பிறகும் ஆட்டுக்காரி கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றால் அந்த ஆட்டை வாங்க மாட்டார். வாங்கி வந்தால் ராத்திரி முழுக்கக் கத்தும், தூங்க முடியாது என்பது அவர் கட்சி. "கயித்தப் பாத்து ஏவாரம் பண்றவரு உங்க தம்பி ஒருத்தருதாங்க" என்று அம்மா அப்பாவிடம் சொல்வார்.

அந்தச் சித்தப்பாவிடம் பொம்மிடி ரயில்வே குடியிருப்பில் இருந்த ஒருவர் வேண்டுதலுக்குக் கிடா வாங்கினார். தங்களுக்குப் பாலக்காட்டுப் பக்கம் மாற்றல் ஆகிவிட்டதாகவும், வீட்டில் வேண்டாத சாமான்களையெல்லாம் விற்பதாகவும், மகளுடைய வீடியோ கேம் கேசட்டுகூட இரண்டு இருப்பதாகவும் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். இரண்டுமே டிராகன் கேசட். அப்பாவை நச்சரித்து ஒரு கேசட்டுக்கான பணத்தைக் கறந்தேன். மச்சானுக்குப் போன் போட்டேன்.

"போலி நெறைய சுத்துது, பாத்து வாங்குடா" என்றான் மச்சான். அடையாளங்களையும் சொன்னான். ஒரிஜினல் கேசட்டின் லேபிளைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால், அச்சடிக்காமல் அழுத்தி எடுத்த மாதிரி ஒரு பொடி எண் தெரியும். கீழே தங்க நிறத்தில் வரிசையாக இருக்கிற பல்லுக்கு மேலே கம்பெனிப் பெயர் சின்ன எழுத்தில் இருக்கும். பின்னால் உள்ள திருகாணியின் தலையில் இருக்கிற வெட்டுக்கு மூன்று கால். போலியில் லேபிள் கண்ணாடி மாதிரி மினுங்கும், முக்கியமாக, ஆடியது எதுவும் உள்ளே பதியாது.

பல்லைப் பார்த்து வாங்க வேண்டும் என்றதும் எனக்கு ஏகப்பட்ட தைரியம் வந்துவிட்டது. நம் குடும்பத் தொழில்தானே.

நானும் சித்தப்பாவும் தருமபுரி போய் பஸ் மாறிப் பொம்மிடிக்குப் போனோம். அந்த வீடு முழுக்க அட்டைப்பெட்டியாகக் கிடந்தது. ஓர் அக்கா வந்து பாயை விரித்தாள். ஒன்பதாவது படிப்பாளாக இருக்கும். உள்ளேயிருந்து அவள் அம்மா சித்தப்பாவுக்கு முறுக்குத் தட்டை நீட்டினார். அதன் பிறகு வெகுநேரம் சித்தப்பாவின் வாயிலிருந்து முறுக்கு உடைகிற சத்தம் மட்டும்தான் வந்தது.

அக்காவின் வீடியோ கேம் மிஷின் ஒகேனக்கல்லில் பரிசலில் போகும்போது கை நழுவி ஆற்றுக்குள் போய்விட்டதாம். கேசட்டுகள் வீட்டில் இருந்ததால் பிழைத்தன. இனி இவை எதற்கு என்று அவள் அம்மா இரண்டுக்கும் ஒரே விலை வைத்துவிட்டார்.

அக்கா இரண்டையும் பாயில் வைத்தாள். வைத்த கையோடு ஒன்றைத் தள்ளிவிட்டாள்.

"தம்பி, இது வேண்டாம்ப்பா. டூப்ளிகேட்டு. ஆஃப் பண்ணினா எல்லாம் அழிஞ்சிடும். இதை எடுத்துக்கோ, இதுதான் ஒரிஜினல்."

எனக்குள் மணி அடித்தது. ஏனென்றால் இந்த வித்தையை நான் சந்தையில் பார்த்திருக்கிறேன். ஒற்றை ஆடு ரோட்டில் ஒழுங்காக நடந்து வராது என்பதால், விற்க வேண்டிய ஆட்டோடு துணைக்கு இன்னோர் ஆட்டையும் ஓட்டி வருவார்கள். வந்த இடத்தில் யாராவது அந்தத் துணை ஆட்டுக்கு விலை கேட்டால், "அது இருமுதுங்க, வேணாங்க" என்று ஒரே போடாகப் போடுவார்கள். நல்ல ஆட்டை வீட்டுக்குத் திருப்பி ஓட்டிப் போக அதுதான் வழி. தன் சரக்கைத் தானே மட்டம் தட்டுகிறவர் அதை விற்கப் போவதில்லை என்று அர்த்தம். ஆகவே மட்டம் தட்டப்பட்டதுதான் உயர்ந்த சரக்கு!

இருந்தாலும் முறைப்படி சோதித்தேன். அவள் புகழ்ந்த கேசட்டில் லேபிள் மங்கியிருந்தது. சாய்த்துப் பார்த்தேன், அழுத்திய எண் இருந்தது. பல்லுக்கு மேல் எழுத்து இருந்தது. திருகாணிக்கு மூன்று கால் இருந்தது. மச்சான் சொன்ன எல்லாமே இருந்தது. அதுதான் எனக்கு உறுத்தியது. இவ்வளவு பொருத்தமாக இருந்தால் சும்மாவா? தள்ளிவிடப்பட்ட கேசட்டோ பளபளவென்று புதுமாப்பிள்ளை மாதிரி கிடந்தது.

"சந்தேகமா இருந்தா போட்டே காட்டறேன்" என்று அக்கா என் மிஷினை வாங்கி மங்கலான கேசட்டைச் செருகினாள். திரையில் பெரிய பச்சை டிராகன் ஒன்று சிறகை விரித்துக்கொண்டு ஓடி வந்தது.

"இதும்பேரு என்னங்க்கா?"

"சீனு" என்றாள். சொல்லும்போது கொஞ்சம் வெட்கப்பட்டாள். டிராகனுக்கு வைக்கிற பேரா அது? எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர் பெயர் மாதிரி இருந்தது.

ஆட்டத்தைக் காட்டிவிட்டு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. சீனுவை ஒரு குளத்தங்கரைக்குக் கூட்டிப் போனாள். மீன் பிடித்துப் போட்டாள். அது வாலை ஆட்டியது. இன்னொரு மீன் போட்டாள். துப்பட்டா நுனியால் திரையைத் துடைத்தாள். மறுபடியும் ஒரு மீன்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. விற்பதற்கு முன் வயிறு முட்டத் தீனி போட்டுக் கொழுத்தது மாதிரி காட்டுகிறாள்! உப்புத் தண்ணீர் வித்தை! சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்துக் கண் சிமிட்டினேன். அவர் பதிலுக்குச் சிமிட்டவில்லை. முறுக்கைக் கையில் பிடித்தபடி அக்காவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா கடைசியில் மிஷினை அணைத்தாள். கேசட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"நீ புதுசா ஆட ஆரம்பிச்சா சீனு அழிஞ்சிடும் தம்பி. சேவ் பண்ண ஒரு இடந்தான் இருக்கு இதுல. பரவாயில்ல, அழிச்சுக்கோ. ஆனா உடனே வேண்டாம். ரெண்டு நாள் அதை வெச்சே ஆடிப் பாரு. நல்லாப் பறக்கும்."

விற்கிற பொருளுக்கு நிபந்தனை வேறா! ஆட்டை விற்றுவிட்டு, ரெண்டு நாள் கழித்துக் குழம்பு வையுங்கள் என்று யாராவது சொல்வார்களா? எனக்கு எல்லாம் வெட்ட வெளிச்சமாகிவிட்டது.

"எனக்கு அது வேணாங்க்கா. இது குடுங்க" என்று தள்ளிவிடப்பட்ட பளபளப்பைத் தூக்கினேன்.

"டேய், அது டூப்ளிகேட்டுன்னு சொல்றேன்ல?"

"பரவால்லீங்க்கா."

"சேவ் ஆகாதுடா. சாமி சத்தியமா ஆகாது."

சத்தியம் வேறு செய்தாளா, என் முடிவு இறுகிவிட்டது. அவள் உதவிக்குச் சித்தப்பாவைப் பார்த்தாள். "நீங்களாவது சொல்லுங்கண்ணா."

ஆட்டு விலையில் ஒற்றை ரூபாய்க்கு ஒரு மணி நேரம் வாதாடுகிற சித்தப்பா, அன்றைக்கு வாயிலிருந்த முறுக்கை அவசரமாக விழுங்கிவிட்டு, "பையன் ஆசப்பட்டுட்டான், அதையே குடுத்துடுங்க பாப்பா" என்றார். பணத்தை அவரே தட்டில் வைத்தார். என் தோளைப் பிடித்து எழுப்பியும் விட்டார்.

உள்ளேயிருந்து அவள் அம்மா, "ரெண்டுல எது போச்சுடி?" என்று கேட்டார்.

"போலிதாம்மா போச்சு!" என்றாள் அக்கா. குரல் கிறீச்சிட்டது. வாசலில் செருப்பு மாட்டும்போது திரும்பிப் பார்த்தேன். மங்கலான கேசட்டை உள்ளங்கையில் மூடிப் பிடித்துக்கொண்டு, கண்ணெல்லாம் பளபளக்கச் சிரித்துக்கொண்டு நின்றாள். ஏமாற்ற வந்தவள், ஏமாந்துபோய்ச் சமாளித்துச் சிரிக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். பாவமாகக்கூட இருந்தது.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆடினேன். தருமபுரி வருவதற்குள் முட்டை பொரிந்து குட்டி டிராகன் தும்மிக்கொண்டே வெளியே வந்தது. பஸ் ஸ்டாண்டில் எவனாவது பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுவான், அணைத்துப் பைக்குள் போடு என்றார் சித்தப்பா. அணைத்தேன். காரிமங்கலம் பஸ்ஸில் ஏறித் திறந்து ஆன் செய்தேன்.

முட்டை.

பஸ் குலுங்கியதால் என்று சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, பொரித்து, அணைத்து, திறந்தேன். முட்டை. பேட்டரியைக் குற்றம் சொன்னேன். புது பேட்டரி போட்டேன். புத்தம் புது முட்டை. அந்தக் கோடை விடுமுறை முழுக்க ஒரே முட்டையை நான் பொரித்த அளவுக்கு எங்கள் கோழிகள் எல்லாம் சேர்ந்துகூடப் பொரித்திருக்காது. அணைக்காமலே வைத்து ஒரு தடவை இரண்டாவது ஊர் வரைக்கும் போய்விட்டேன். தங்கச்சி வந்து, அண்ணன் மிஷினை அணைக்க மறந்துவிட்டான் என்று பொறுப்பாக அணைத்துவிட்டுப் போனாள்.

"இன்னுமாடா அது பொரிக்கல? அடுப்போரம் கொண்டாந்து வெய்யி, சூட்டுக்காவது பொரிக்குதான்னு பாக்கலாம்" என்று அம்மா கேலி செய்வார். நானோ, ஒரிஜினல் என்றால் அப்படித்தான் ஆரம்பத்தில் முரண்டு பிடிக்கும் என்று எல்லோருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்த முட்டையை என்னைவிட வேகமாகப் பொரிக்க வைக்க இன்றைக்கும் ஆள் கிடையாது. கேசட் இப்போதும் என் மேசையில்தான் இருக்கிறது. மனசு சரியில்லாத நாளில் எடுத்து ஒரு தடவை பொரித்துவிட்டு வைப்பேன். அந்தக் குட்டி தும்முகிற அழகே அழகு.

விடுமுறை முடிகிற சமயத்தில் பெங்களூர் மச்சான் மாரியம்மன் பண்டிகைக்கு வந்தான். கேசட்டைக் கையில் வாங்கினான். சாய்த்துக்கூடப் பார்க்கவில்லை. விழுந்து விழுந்து சிரித்தான். "எழுத்தே இல்லியேடா இதுல! நான் சொன்னதுல ஒண்ணாவது பாத்தியா?"

எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் இதை வாங்கினேன் என்று அவனிடம் எப்படிச் சொல்வது? கோபமெல்லாம் சித்தப்பா மேல் திரும்பியது. அவர் தொழுவத்தில் ஆடுகளுக்கு வேப்பந்தழை கட்டிக்கொண்டிருந்தார்.

"பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க? அந்தக்கா சத்தியம் பண்ணிச்சே! எடுத்துச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"உன் டப்பாவப் பத்தி எனக்கென்னடா தெரியும்?" என்றார். தழையின் முடிச்சை இறுக்கினார். பிறகு, ஏதோ ஆட்டைப் பற்றிச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். "அந்தப் பாப்பா கயித்த வுடவே இல்லடா. நான் பாத்துக்கிட்டே இருந்தன்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். கேசட்டுக்கு ஏது கயிறு? காலையிலிருந்து இருட்டும் வரைக்கும் ஆட்டோடு கிடக்கிற மனுஷனுக்கு உலகத்தில் எல்லாமே ஆடாகத்தான் தெரியும் போலிருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குள் வந்து, மிஷினைத் திறந்து, முட்டையை மறுபடியும் பொரிக்க உட்கார்ந்தேன்.