ஜமக்காளத்தில் ஓர் இடம்

நீடாமங்கலம் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த லத்தீஃபாவுக்கு வாயும் பெரிது, மனசும் பெரிது என்று பேர். கணவர் ஜாபிர் குவைத்திலிருந்து அனுப்பிய காசில் தொண்ணூறுகளில் தொடங்கிய கடை அது. புடவையை விரித்துக் காட்ட உள்ளே ஒரு ஜமக்காளம் கிடக்கும். நிலபுலன் உள்ள வீட்டுப் பெண்கள் அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அலமாரியையே காலி செய்ய வைப்பார்கள். நடவுக்குப் போகிற பெண்கள் வாசல் மேசையோரம் நின்றபடியே வாங்கிப் போவார்கள். யாரையும் நிற்கச் சொன்னதில்லை என்று லத்தீஃபா சத்தியம் பண்ணுவாள். உட்காரச் சொன்னதும் இல்லை. அது மட்டும் அவளுக்கு உறைத்ததே இல்லை.

நாகம்மாளும் பல வருஷமாக நின்று வாங்கியவள்தான். சென்னையில் நர்ஸாக இருக்கும் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், தனக்கென்று ஒரு பட்டுப்புடவை எடுக்க வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே போய் ஜமக்காளத்தில் உட்கார்ந்தாள். பக்கத்தில் பண்ணை வீட்டு ஞானாம்பாள்.

“ஏ நாகம்மா, இங்க எங்க உக்காந்துட்ட? உனக்குத் தோதானதெல்லாம் முன்னாடி மேசையில இருக்கு பாரு” என்றாள் லத்தீஃபா. கோபமெல்லாம் இல்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

நாகம்மாள் எழுந்து, மேசைப் பக்கம் திரும்பாமலே வெளியே போய்விட்டாள்.

அன்று மத்தியானம் லத்தீஃபாவுக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளை படிப்புக்காகத் தஞ்சாவூரில் வாடகை வீடு தேடி அலைந்தபோது ஒரு வீட்டுக்காரர் இப்படித்தான் சிரித்துக்கொண்டே சொன்னார்: “உங்க ஆளுங்க இருக்கற தெருவுல பாருங்களேன், உங்களுக்குத் தோதா இருக்கும்.” அந்த மனுஷனை அவள் இன்றைக்கும் திட்டிக்கொண்டிருக்கிறாள். அவர் பேச்சைத் தன் வாயே பேசியிருக்கிறது!

சாயங்காலமே நல்ல பட்டுகளாக மூட்டை கட்டிக்கொண்டு நாகம்மாள் வீட்டுக்குப் போனாள். நாகம்மாள் நாற்காலி எடுத்துப் போட்டு, டீ கொடுத்தாள்.

“நான் பேசுனது தப்புக்கா. மனசுல வச்சுக்காதீங்க. எது பிடிச்சிருக்கோ எடுத்துக்குங்க.”

நாகம்மாள் மூட்டையைத் தொடவில்லை. “வீடு தேடி வந்தீங்க, சந்தோஷம்மா. ஆனா நாலு பேரு பாக்க எழுப்பி விட்டுட்டு, யாரும் பாக்காம இங்க கொண்டாந்து விரிச்சா எப்படி? எடுத்துட்டுப் போங்க. நான் கடைக்கே வர்றேன்.”

லத்தீஃபாவுக்குச் சுருக்கென்றது. அப்படியானால் ஜமக்காளத்துக்குப் பங்கம் வராமல்தான் மன்னிப்புக் கேட்க வந்தோமா என்று நினைத்துக்கொண்டே திரும்பினாள்.

சொன்னபடியே நாகம்மாள் வந்தாள். முகூர்த்த மாதம், கடை கொள்ளாத கூட்டம். ஜமக்காளத்தின் நடுவில் ஞானாம்பாள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவரைப் பகைத்துக்கொண்டால் சொந்தபந்தம் மொத்தமும் வேறு கடைக்குப் போய்விடும். இருந்தும் லத்தீஃபா அவர் பக்கம் குனிந்தாள்.

“கொஞ்சம் தள்ளி உக்காருங்கம்மா. அக்கா உக்காரட்டும்.”

ஞானாம்பாள் முகம் சுண்டிப்போயிற்று. தள்ளி உட்காரவில்லை, எழுந்தே போய்விட்டார்.

நாகம்மாள் நிதானமாக உட்கார்ந்தாள். அதை எடுங்க, இதைப் பிரிங்க என்று கேட்டுக் கேட்டு, ஜமக்காளமே தெரியாதபடி புடவை குவிந்துவிட்டது. முந்தானையைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்தாள். கடைசியில் எழுந்தாள்.

“ஒண்ணும் மனசுக்குப் பிடிக்கலம்மா. புதுச் சரக்கு வந்தா சொல்லுங்க, வர்றேன்.”

“அவசியம் வாங்கக்கா” என்றாள் லத்தீஃபா. நின்று வாங்கிய அத்தனை வருஷத்தில் நாகம்மாள் ஒருநாளும் பிடிக்கவில்லை என்று சொன்னதில்லை. லத்தீஃபா கண்ணைத் துடைத்துக்கொண்டு புடவைகளை ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தாள்.