கோட்டைக்கு ஏறாதவர்

வேலூர்க் கோட்டை என்றால் வெளியூர்க்காரர்கள் அகழியோடு கீழே இருக்கிற கோட்டையைத்தான் நினைப்பார்கள். மலை உச்சிகளில் இடிந்து கிடக்கிற கோட்டைகளை உள்ளூர்க்காரர்களைத் தவிர யாரும் சீண்டுவதில்லை. மதில் பாதி, முள் பாதி. அந்த வருடம் காணும் பொங்கலுக்கு அங்கே போகலாம் என்று ஆரம்பித்தது என் நாத்தனார். ராணிப்பேட்டையிலிருந்து பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு முந்தின நாளே சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கிவிட்டாள். மாமியாரும் தயார். வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு ஒரு காரணம் இருந்தது. அதை வெளியே சொல்ல முடியாது.

எனக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. மூன்றாவது தடவை. முதல் இரண்டு முறையும் சந்தோஷத்தில் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லி, அப்புறம் அதே வாயால் இல்லை என்றும் சொல்லி, விசாரிக்க வந்தவர்களுக்கு நானே டீ போட்டுக் கொடுத்து அலுத்துப்போயிருந்தேன். இந்த முறை மூன்று மாதம் முடிகிறவரை மூச்சு விடுவதில்லை என்று நானும் என் கணவரும் பேசிவைத்திருந்தோம்.

பெண்டாட்டி முழுகாமல் இருந்தால் புருஷன் முடி வெட்டக் கூடாது, மலை ஏறக் கூடாது என்பார்கள். என் கணவர் தோல் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவர். சாமி, சாங்கியம் என்று யாராவது பேசினால் நாள் முழுக்கக் கிண்டல் பண்ணுவார். இந்த விஷயத்தில் மட்டும் பரம பக்தர். தாடியும் தலையும் காடாக வளர்ந்து கிடந்தன. "இன்னாடா, சாமியாரா போவப்போறியா?" என்று மாமியார் தினமும் கேட்பார். எனக்குச் சிரிப்பு வரும். சிரித்த கையோடு உள்ளே போய்ச் சாமி கும்பிட்டுக்கொள்வேன்.

காணும் பொங்கல் காலையில் புளிசாதம் கிளறி வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். உதிரம் பட்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அதிகமானது. இரண்டு முறை பார்த்தவளுக்கு டாக்டர் வந்து சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. வெளியே அவர் பிள்ளைகளோடு சேர்ந்து பாடிக்கொண்டே வண்டியில் தண்ணீர் கேனைக் கட்டிக்கொண்டிருந்தார். வீடு நிறைய ஆட்கள். திரும்பி வந்து தனியாக இருக்கும்போது அவரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

அடிவாரத்தில் இறங்கியதும் எனக்குக் கால் வலி என்றேன். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்து அவர் வாய் திறந்தார்.

"நானும் ஏறல. வண்டிங்களப் பாத்துக்கறேன், நீங்க போய்ட்டு வாங்க."

பள்ளிக்கூட நாட்களில் தோஸ்த்துகளோடு வாரம் தவறாமல் அந்த மலையில் ஏறின ஆள். மாமியார் அப்படியே நின்றுவிட்டார். மகனின் தாடியைப் பார்த்தார், தலையைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

"எத்தினி நாளாச்சுடா?"

அவர் சிரித்தார். அது போதாதா? மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. என் முகத்தை வழித்து நெட்டி முறித்தார். "ரெண்டும் வாயத் தொறந்துச்சுங்களா பாரு. நீ ஏறாதடா, இங்கயே குந்து."

"யார்கிட்டயும் சொல்லாதம்மா" என்றார் அவர்.

"நான் ஏன்டா சொல்லப் போறேன்?" என்று சொல்லிவிட்டு, சின்னப் பெண் மாதிரி மளமளவென்று ஏறினார். நாத்தனாரும் பிள்ளைகளும் பின்னால் போனார்கள்.

நாங்கள் இருவரும் வேப்பமர நிழலில் உட்கார்ந்து, அவர்கள் உச்சிக்குப் பக்கத்தில் புள்ளிகளாகத் தெரிகிறவரை பார்த்துக்கொண்டிருந்தோம். "கோவமா? நான் எங்க சொன்னேன், அதுவே கண்டுபுடிச்சிடுச்சு" என்று தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். "குடி. வெயில் ஜாஸ்தியா இருக்குது."

எனக்கு அவர் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இல்லாத ஒன்றுக்கு இவ்வளவு சந்தோஷமாகக் காவல் உட்கார்ந்திருக்கிற மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? வீட்டுக்குப் போகிறவரை என்னால் தாங்க முடியாது என்று தெரிந்துவிட்டது.

"நீங்களும் ஏறுங்க" என்றேன்.

"லூசா நீ? புள்ள பொறக்கட்டும், தூக்கிட்டே ஏறலாம்."

"இப்பவே ஏறலாங்க. இனிமே ஒண்ணும் இல்ல."

முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

"எப்போ?"

"காலைல."

"வலிக்குதா?"

"வலிக்குது."

என் கையைப் பிடித்துக்கொண்டார். நாலு பேர் போய்வருகிற இடத்தில், பகலில், கல்யாணமான இத்தனை வருடத்தில் அவர் அப்படிச் செய்ததில்லை. அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது. "எழுந்திரு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்று வண்டிச் சாவியை எடுத்தார்.

அவருடைய போன் அடித்தது. பள்ளிகொண்டாவில் இருக்கிற சித்தி, மாமியாரின் தங்கை. கோட்டையில் டவர் நன்றாகக் கிடைக்கும். மாமியார் இடிந்த மதிலில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்று புரிந்தது. எடுக்க வேண்டாம் என்று நான் கை காட்டுவதற்குள் அவர் எடுத்துவிட்டார். சித்தியின் குரல் எனக்கே கேட்டது. சந்தோஷத்தில் அழுதுகொண்டே பேசினாள். இந்தத் தடவை அவளை வண்டியில் உட்கார வைக்காதே, வேலைக்கு அனுப்பாதே, கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள் என்றாள்.

"சரி சித்தி" என்றார் அவர். "பாத்துக்கறேன் சித்தி. நல்லா பாத்துக்கறேன்."